குணமும் குணியும்: அடியில் நிற்பது யாது?



திரிசரணம் புகுந்து பஞ்சசீலம் ஏற்ற நம்மவர் செவியில் அடிக்கடி விழும் சொல் ஒன்றுண்டு. “மதத்தை மாற்றிக்கொள்ளலாம், பிறப்பை மாற்றிக்கொள்ள முடியுமா?” என்பதே அது. சொல்வோர் அதனை வசையாகச் சொல்கின்றனர். நாமும் வசையாகவே கொண்டு, சினந்தோ வாளாவிருந்தோ விடுகின்றோம். ஆயினும் ஆழ்ந்து நோக்குமிடத்து அவ்வசையினுள் ஒரு தத்துவக் கொள்கை ஒளிந்திருப்பது புலனாகும். ஒருவனுடைய பெயர் மாறலாம். கல்வி, தொழில், ஒழுக்கம், வழிபாடு யாவும் மாறலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் மாறாத ஏதோ ஒன்று கிடக்கின்றது, அதுவே அவன் என்பது அக்கொள்கை. வசைக்கு மறுமொழி கூறாது போகலாம். கொள்கைக்கு மறுமொழி கூறியே ஆகவேண்டும்.

குணங்களுக்கு அடியில் நின்று அவற்றைத் தாங்கும் மாறாப் பொருள் ஒன்று உண்டா? இவ்வினாவை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மேனாட்டு அறிஞர் மூவர் அடுத்தடுத்து ஆராய்ந்தனர். இங்கிலாந்தின் ஜான் லாக், அயர்லாந்தின் ஜார்ஜ் பார்க்ளி, ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் ஆகியோரே அம்மூவர். அறிவெல்லாம் அனுபவத்தினின்றே பிறக்கின்றது என்பது இவர்கள் கொள்கையாதலின் இவர்களை அனுபவவாதிகள் என்பர். இவர்கள் ஆராய்ந்து கண்டது நமக்கு ஒரு பாடம். கண்டதன்படி நடந்தார்களா என்பது மற்றொரு பாடம். இவ்விரண்டையும் இக்கட்டுரையில் முறையே காண்போமாக.

சொல்லின் வரலாறு

“மாம்பழம் மஞ்சளாக இருக்கின்றது, இனிக்கின்றது, மணக்கின்றது” என்கிறோம். மஞ்சள் நிறம், இனிப்பு, மணம் ஆகியன குணங்கள். அவற்றையுடைய மாம்பழம் குணி. நாம் பேசும் மொழியின் அமைப்பே குணம் வேறு, குணி வேறு என்று எண்ணுமாறு நம்மைப் பழக்கிவிடுகின்றது. நிறத்தையும் சுவையையும் மணத்தையும் உருவத்தையும் கனத்தையும் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே சென்றால், இறுதியில் குணமற்ற ‘வெறும் மாம்பழம்’ ஒன்று எஞ்சி நிற்கும் போலும் என்று உள்ளம் கற்பனை செய்கின்றது.

எஞ்சி நிற்பதாகக் கருதப்படும் இதனையே மேனாட்டார் ‘சப்ஸ்டன்ஸ்’ என்றனர். இலத்தீன் மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்குக் ‘கீழே நிற்பது’ என்பது பொருள். நம் நாட்டில் வைசேடிகர் இதனைத் திரவியம் என்று பெயரிட்டு, நிலம், நீர், தீ, வளி, ஆகாயம், காலம், திசை, ஆன்மா, மனம் என ஒன்பதாக வகுத்தனர். நாம் இக்கட்டுரையில் ‘அடிநிலைப் பொருள்’ என்னும் சொல்லை ஆள்வோம்.

லாக்குக்கு முன்பு பிரான்சு நாட்டு டேகார்ட் என்னும் பேரறிஞர், வேறொன்றின் துணையின்றித் தானே நிலைபெறுவது அடிநிலைப் பொருள் என்று இலக்கணம் கூறினார். முழுமையான பொருளில் அவ்விலக்கணம் கடவுளுக்கே பொருந்தும் என்றும், படைக்கப்பட்டவற்றுள் எண்ணும் இயல்புடைய மனமும் இடத்தை அடைக்கும் இயல்புடைய சடமும் அடிநிலைப் பொருள்கள் என்றும் கொண்டார். 1641ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்துக்காட்டினார். மெழுகைத் தீயருகே கொணர்ந்தால் அதன் மணம், நிறம், வடிவம், கடினம் எல்லாம் மாறுகின்றன; ஆயினும் அதே மெழுகு என்கிறோம். அந்த ‘அதே’ என்பதனைப் புலன்கள் அறிவதில்லை, அறிவே அறிகின்றது என்பது அவர் முடிபு. புலன்கள் அறியாத ஒன்றை அறிவு மட்டும் எங்ஙனம் அறியும் என்று கேட்டவர்களே அனுபவவாதிகள்.

லாக்: யானையும் ஆமையும்

ஜான் லாக் 1632இல் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். அரசியல் காரணத்தால் ஹாலந்து நாட்டில் தஞ்சம் புகுந்திருந்து, 1689இல் தாயகம் திரும்பினார். மனித அறிவைப் பற்றிய அவருடைய பெருநூல் 1690ஆம் ஆண்டினைத் தாங்கி வெளிவந்தது. பிறக்கும்போது மனம் எழுதப்படாத வெள்ளைத் தாளை ஒத்தது. அதில் எழுதுவது அனுபவமே என்பது அந்நூலின் அடிப்படை.

பொன் என்றால் என்ன என்று லாக் ஆராய்கிறார். மஞ்சள் நிறம், மிகுந்த கனம், தீயில் உருகுதல், தகடாக அடிக்கப்படுதல், இராச திராவகத்தில் கரைதல் ஆகிய இவை ஒன்றாகக் கூடியிருப்பதை நாம் அனுபவத்தில் காண்கிறோம். இக்குணங்கள் தாமாக நிற்கமாட்டா, அவற்றைத் தாங்குவதொன்று வேண்டும் என்று கருதி, அதற்கு அடிநிலைப் பொருள் என்று பெயரிடுகிறோம். அது யாதென வினவினால், குணங்களைத் தாங்குவது என்பதற்குமேல் நம்மால் ஒன்றும் சொல்லவியலாது.

இவ்விடத்தில் லாக் ஓர் இந்தியரின் கதையைச் சொல்கிறார். உலகத்தை ஒரு பெரிய யானை தாங்குகிறது என்றார் அவ்விந்தியர். யானையைத் தாங்குவது எது என்று கேட்டனர். ஒரு பெரிய ஆமை என்றார். ஆமையைத் தாங்குவது எது என்று கேட்டபோது, ஏதோ ஒன்று, இன்னதென்று தமக்குத் தெரியாது என்றார். ஐரோப்பிய அறிஞர்கள் அடிநிலைப் பொருள் என்று பெருமிதத்துடன் கூறும் சொல்லும் இவ்விடையினும் மேம்பட்டதன்று என்பது லாக்கின் கருத்து. ஆயினும் அவர் அப்பொருளை அறவே மறுத்தாரல்லர். அது பற்றிய நம் கருத்து தெளிவற்றது என்றே கூறினார். வூஸ்டர் நகர்ப் பிஷப் ஸ்டில்லிங்ஃபிலீட் என்பார் இதனால் சமயத்துக்குக் கேடு வரும் என்று அஞ்சி எதிர்த்தெழுத, இருவருக்கும் பல திங்கள் நீண்ட சொற்போர் நிகழ்ந்தது.

லாக் செய்த வேறொரு பாகுபாடு நமக்கு மிகவும் பயன்படுவது. ஒரு பொருளின் ‘உள்ளியல்பு’ வேறு, ‘பெயரியல்பு’ வேறு என்றார் அவர். அப்பொருளின் நுண்ணிய உட்பகுதிகளின் அமைப்பு உள்ளியல்பு. நாம் கண்ட சில குணங்களைத் தொகுத்து, இவையுடையதைப் பொன் என்போம் என்று வரையறுத்துக்கொண்டது பெயரியல்பு. உலகத்துப் பொருள்களை வகைப்படுத்துங்கால் நாம் கையாள்வது பெயரியல்பையே. வகைகளின் எல்லைக் கோடுகளைப் போடுவது மனிதர் உள்ளம். போட்ட பின்னர் இயற்கையே போட்டதாக அவ்வுள்ளம் எண்ணிக்கொள்கிறது.

1694ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் ‘ஆள்’ என்பதன் ஒருமையைப் பற்றி ஓர் அதிகாரம் சேர்த்தார். அதில் ஓர் இளவரசனுடைய ஆன்மா, தன் நினைவுகளையெல்லாம் சுமந்துகொண்டு, காலணி தைக்கும் தொழிலாளியின் உடலில் புகுவதாக ஓர் உவமை வருகின்றது. கண்டோர் அனைவரும் அவனைக் காலணி தைப்பவன் என்றே கொள்வர். ஆனால் உணர்வாலும் நினைவாலும் அந்த ஆள் இளவரசனே என்கிறார் லாக். ஓர் ஆளை அதே ஆளாக்குவது தொடர்ந்து வரும் உணர்வே; அவ்வுணர்வைத் தாங்கும் அடிநிலைப் பொருள் ஒன்றா பலவா என்பது கருதத்தக்கதன்று என்பது இதன் சாரம்.

பார்க்ளி: பாதியில் நின்ற துணிவு

ஜார்ஜ் பார்க்ளி 1685இல் அயர்லாந்தில் கில்கென்னி அருகே பிறந்தவர். 1734இல் கிளாயின் என்னுமூரின் பிஷப்பானவர். தம் இருபத்தைந்தாம் வயதில், 1710இல், முதன்மையான நூலை வெளியிட்டார். அறியமுடியாத ஆமையை ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அவர் லாக்கின் வழிவந்தோரிடம் கேட்டது எனலாம்.

1713இல் எழுதிய உரையாடல் நூலில் செர்ரிப் பழத்தைக் காட்டினார். மென்மை, ஈரம், சிவப்பு, புளிப்பு ஆகிய உணர்ச்சிகளை நீக்கிவிட்டால் பழத்தையே நீக்கியதாகும். உணர்ச்சிகளின் தொகுதிக்கு அப்பால் வேறொரு பழம் இல்லை. ஆகவே சடம் என்னும் அடிநிலைப் பொருள் வெறுஞ்சொல் என்று தள்ளினார். உணரப்படுவதே இருத்தல் என்பது அவர் கோட்பாடு. ஒருவரும் காணாத வேளையில் பழம் என்னாகும் என்பார்க்கு, கடவுளின் உள்ளத்தில் அஃது எப்போதும் உணரப்படுகிறது என்று விடையிறுத்தார்.

சடத்தைத் தள்ளிய பார்க்ளி, ஆன்மாவைத் தள்ளவில்லை. உணர்பவன் ஒருவன் அடிநிலைப் பொருளாக நிற்கிறான் என்று கொண்டார். வெளிப்பொருளை அளந்த கோலினைத் தம்மை அளக்க எடுக்காது வைத்துவிட்டார்.

ஹியூம்: உள்ளே நோக்கியவர்

அக்கோலினை எடுத்தவர் டேவிட் ஹியூம். 1711இல் எடின்பரோ நகரில் பிறந்தவர். பிரான்சு நாட்டில் லா ஃபிளேஷ் என்னும் சிற்றூரில் 1735 முதல் 1737 வரை தங்கித் தம் பெருநூலின் பெரும்பகுதியை எழுதினார். அந்நூல் 1739, 1740ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது.

ஹியூமின் முறை எளியது. ஒரு சொல்லைக் கேட்டால், அது எந்த அனுபவப் பதிவினின்று பிறந்தது என்று வினவவேண்டும். அடிநிலைப் பொருள் என்னும் கருத்து எப்புலனின் வழி வந்தது? கண்ணின் வழி வந்ததாயின் அது நிறமாதல் வேண்டும். செவியின் வழியாயின் ஒலி. நாவின் வழியாயின் சுவை. இவற்றுள் எதுவுமன்று என்பதை அனைவரும் ஒப்புவர். ஆதலின் அது குணங்களின் தொகுதிக்குக் கற்பனை இட்ட பெயரே என்று முடித்தார்.

பின்னர் அதே வினாவை ‘நான்’ என்பதன்மீது செலுத்தினார். தம் உள்ளத்தை நோக்குந்தோறும் வெப்பமோ தட்பமோ, ஒளியோ நிழலோ, விருப்போ வெறுப்போ, இன்பமோ துன்பமோ ஆகிய ஏதேனும் ஓர் உணர்ச்சியே அகப்படுகிறது; இவற்றையுடைய ‘நான்’ தனித்து அகப்படுவதில்லை என்றார். மனிதன் என்பான் விரைந்தோடும் உணர்ச்சிகளின் கட்டு என்பது அவர் கண்ட முடிபு. ஆனால் 1740இல் சேர்த்த பின்னிணைப்பில், சிதறிய உணர்ச்சிகளை ஒன்றாகப் பிணைப்பது யாதென விளக்கத் தம்மால் இயலவில்லை என்று தாமே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை போற்றற்குரியது.

ஹியூமுக்குப் பௌத்தம் பற்றி ஏதேனும் தெரிந்திருக்குமா என்று ஆராய்ந்தோரும் உண்டு. அவர் லா ஃபிளேஷில் இருந்த காலத்தில், அவ்வூர் ஏசு சபைக் கல்லூரியில் டோலு என்னும் முதிய பாதிரியார் வாழ்ந்தார். அவர் 1687இல் சீயம் நாட்டுக்குச் சென்ற பிரெஞ்சுக் குழுவில் இடம்பெற்றவர். பின்னர் நம் புதுச்சேரியிலும் பல்லாண்டு இருந்தவர். இச்செய்தியை அமெரிக்க உளவியலறிஞர் அலிசன் கோப்னிக் 2009இல் ஒரு கட்டுரையாக எழுதினார். இருவரும் பேசிக்கொண்டனர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே ஹியூம் நம்மிடம் கற்றார் என்று பெருமை பேசுதல் பௌத்தர்க்கு அழகன்று. சான்றில்லாததை ஏற்காமை நம் அறத்தின் முதற்படியன்றோ?

புத்தர் அறத்தில் இவ்வாராய்ச்சி

ஹியூமுக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், இசிபதனத்தில் ஐந்து துறவியர்க்கு உரைத்த இரண்டாம் அறவுரையில், பகவன் புத்தர் இவ்வாராய்ச்சியை நிகழ்த்தினார். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது நிலையானதா, நிலையற்றதா என்று வினவினார். நிலையற்றது துன்பம் தருவது. அதனை ‘இது நான், இது என் ஆன்மா’ என்று கொள்ளுதல் தகாது என்று காட்டினார். கந்தங்களுக்கு உள்ளேயோ அப்பாலோ மாறாத குணி ஒன்றும் அகப்படவில்லை. இதுவே அநாத்மக் கோட்பாடு.

மிலிந்த மன்னனிடம் நாகசேனத் தேரர் தேரைக் காட்டி விளக்கியதை நம்மவர் பலரும் கேட்டிருப்பர். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று, இவற்றுக்கு வேறாகவும் தேர் இல்லை. இவையெல்லாம் கூடியவழித் தேர் என்னும் வழக்குச் சொல் எழுகின்றது. தேரைக் காணாதார்க்குத் துணியைக் காட்டலாம். நூலாலையில் உழைத்த நம் கைகள் இதனை நன்கறியும். பாவு இழையை உருவிவிடுக. ஊடை இழையையும் உருவிவிடுக. கஞ்சியையும் சாயத்தையும் கழுவிவிடுக. இவையெல்லாம் போனபின் துணி என்று ஒன்று தறியின்மேல் எஞ்சி நிற்பதில்லை. அதனால் துணி பொய் என்று சொல்வாருமில்லை; அதைத்தான் நாம் உடுத்துகின்றோம். துணி என்பது இழைகளின் உறவுக்கு நாம் இட்ட பெயர்.

ஹியூமின் முடிபும் புத்தர் அறமும் ஒன்றேயோ எனின், அன்று. ஹியூம் கட்டவிழ்த்த இழைகளை மீண்டும் கோக்க வழியறியாது நின்றார். புத்தர் சார்பில் தோற்றத்தைக் காட்டினார்: இது உளதாயின் அது உளதாம், இது தோன்றின் அது தோன்றும். இரவெல்லாம் எரியும் விளக்கின் முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றேயும் அல்ல, வெவ்வேறும் அல்ல என்றார் நாகசேனர். தாங்கும் பொருளின்றியே தொடர்ச்சி உண்டு. தொடர்ச்சி உண்டாதலின் செய்த வினைக்குப் பொறுப்பும் உண்டு. ஆன்மா இல்லையெனின் எப்படியும் வாழலாம் என்பது அறிவிலார் கூற்று. லாக் சொன்னபடி உணர்வையே ஆளாகக் கொள்வதும் நமக்கு உடன்பாடன்று. ஒரே உணர்வுதான் பிறவிதோறும் சென்று வருகிறது என்று கொண்ட சாதி என்னும் பிக்குவைத் ததாகதர் கண்டித்துத் திருத்தினார். அவ்வுணர்வும் சார்பினால் தோன்றி மறைவதே.

மேலும் ஹியூமுக்கு இவ்வாராய்ச்சி அறிவின் எல்லையை அளக்கும் கோல். புத்தருக்கு இது துன்பம் தீர்க்கும் மருந்து.

பிறப்பென்னும் அடிநிலைப் பொருள்

இனி, தொடக்கத்தில் கூறிய வசைக்கு வருவோம். பிறப்பை மாற்றமுடியாது என்பார் எதனை மாற்றமுடியாது என்கிறார்? உடலைச் சொல்கிறாரெனின், உடல் நாடோறும் மாறுகிறது. தொழிலையெனின், அது மாறியதைக் கண்ணாற் காண்கிறார். ஒழுக்கத்தையெனின், கொலைஞனாயிருந்த அங்குலிமாலன் அருகதர் ஆனான். ஒவ்வொரு குணமாக நாம் மாறியதைக் காட்டக் காட்ட, அவர் ஒவ்வொன்றின் அடியிலும் நுழைந்து, அதற்கும் கீழே ஒன்று உண்டு என்பார். அதற்குக் குணம் யாதெனின் கூறமாட்டார். யானைக்குக் கீழ் ஆமை. ஆமைக்குக் கீழ் ஏதோ ஒன்று. சாதி என்பது மனிதர்மீது ஏற்றிய அடிநிலைப் பொருள். எந்தப் புலனும் என்றும் கண்டிராத குணி.

பொன்னின் உள்ளியல்பை லாக்குக்குப் பின் வந்தோர் கண்டனரே. அதன் அணுக்கருவில் 79 புரோட்டான்கள் உளவென்று இன்று அறிவோமே. அதுபோல் சாதிக்கும் ஓர் உள்ளியல்பு பின்னர் அகப்படாதோ எனின், அகப்படாது. பொன்னின் உள்ளியல்பு ஆராய்ச்சிக்குத் தன்னைத் திறந்துகாட்டியது. அதன் நிறத்துக்கும் கனத்துக்கும் காரணம் சொல்லியது. மனித உடலையும் ஆராய்ந்து பார்த்தாயிற்று. எவ்விருவரை எடுத்துக்கொள்ளினும் மரபணு வரிசை ஏறக்குறைய 99.9 விழுக்காடு ஒத்திருக்கின்றது. உயர்வு தாழ்வு என்னும் முத்திரை அங்கே எங்கும் பொறிக்கப்படவில்லை.

சுத்த நிபாதத்திலுள்ள வாசெட்ட சூத்திரம் இதனைத் தெளிவாகக் கூறுகின்றது. வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இரு பார்ப்பன இளைஞர்கள், பிராமணன் ஆவது பிறப்பாலா செயலாலா என்று வாதிட்டுப் பகவனிடம் வந்தனர். புல்லுக்கும் மரத்துக்கும், பூச்சிக்கும் பாம்புக்கும், மீனுக்கும் பறவைக்கும் இனத்தைக் காட்டும் பிறவிக்குறி உண்டு. மனிதருக்கோ தலையிலும் இல்லை, கண்ணிலும் செவியிலும் இல்லை, கையிலும் காலிலும் இல்லை என்று அவர் உறுப்புறுப்பாக எடுத்துக்காட்டினார். மனிதருள் வேறுபாடு என்பது வழங்கும் பெயரளவேயாம். உழுது வாழ்வோன் உழவன்; கைத்தொழில் செய்வோன் தொழிலாளி; வாணிகம் செய்வோன் வணிகன். லாக் பெயரியல்பு என்று பெயரிட்டதை, புத்தர் மனிதனின் மீதே வைத்துக் காட்டினார்.

ஒரு வரலாற்றுச் செய்தி இதற்குச் சான்றாகும். 1920களில் பம்பாய்ப் பருத்தி ஆலைகளின் நெசவுப் பகுதியில் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்களுக்கு இடமில்லை. நாடாவில் புதுத் தார் மாற்றும்போது நெசவாளி நூல்முனையை வாயால் உறிஞ்சி இழுப்பது அந்நாளைய வழக்கம். இவர்கள் வாய் பட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டார் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் கூலி குறைந்த நூற்புப் பகுதியில் அவர்கள் வேலை செய்யலாம். அவர்கள் கைபட நூற்ற நூலே நெசவுப் பகுதிக்குச் சென்றது. மற்றவர் வாயில் உறிஞ்சப்பட்டது. துணியாகி எல்லார் உடலையும் தழுவியது. தீட்டு என்பதோர் உண்மைப் பொருளாயின், அந்நூலில் ஒட்டி வந்திருத்தல் வேண்டாவோ? கூலி உயர்ந்த இடத்தில் தோன்றி, கூலி தாழ்ந்த இடத்தில் மறையும் பொருள் என்ன பொருள்? 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இவ்வநீதியைத் தொழிலாளர் தலைவர்கள்முன் எடுத்துரைத்தார்.

கண்டவர் நடந்தனரா?

இங்கு நாம் மறைக்கலாகாத ஒன்றுண்டு. அடிநிலைப் பொருளைக் கேள்விக்குள்ளாக்கிய அம்மூவரும் தம் வாழ்வில் அதனை விட்டாரல்லர்.

லாக், ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்ற அரச ஆப்பிரிக்கக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். வட அமெரிக்காவின் கரோலினாக் குடியேற்றத்துக்கு 1669இல் எழுதப்பட்ட சட்டத்தை வரைவதில் செயலாளராயிருந்து கைகொடுத்தார்; அதில் அவர் பங்கு எவ்வளவென்பது பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அச்சட்டம் நீக்ரோ அடிமைகள்மீது எசமானருக்கு முழு அதிகாரம் அளித்தது. அடிமை தான் விரும்பிய திருச்சபையில் சேரலாம். ஆனால் சேர்வதனால் எசமானின் ஆட்சியினின்று விடுபடமாட்டான் என்றும் விதித்தது. மதத்தை மாற்றிக்கொள்ளலாம், பிறப்பை மாற்றமுடியாது என்னும் அதே சொல்லன்றோ இது!

பார்க்ளி 1729 முதல் 1731 வரை அமெரிக்காவில் ரோடு தீவில் தங்கியபோது, தம் பண்ணைக்கு அடிமைகளை விலைக்கு வாங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வெளியிட்ட திட்டமொன்றில், அடிமைகள் கிறித்தவராவதால் எசமானருக்கு இழப்பில்லை. அவர்கள் இன்னும் நல்ல அடிமைகளே ஆவர் என்று உறுதியளித்திருந்தார். இக்காரணம் பற்றி டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2023இல் தன் நூலகத்தினின்றும் அவர் பெயரை நீக்கியது.

ஹியூம், நாட்டினங்களின் இயல்பு பற்றிய தம் கட்டுரையில் 1753இல் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்து, கறுப்பு மக்கள் இயல்பிலேயே வெள்ளையருக்குத் தாழ்ந்தவர் என்று ஐயுறுவதாக எழுதினார். தம் உள்ளத்தில் ஓர் அடிநிலைப் பொருளும் காணாதவர், தாம் அறிந்திராத கோடிக்கணக்கான மக்களின் உள்ளே தாழ்ந்த இயல்பொன்றைக் கண்டார்! 1770இல் ஜேம்ஸ் பீட்டி என்பார் அக்குறிப்பை மறுத்தெழுதினார். அந்தப் பீட்டியோ ஹியூமின் தத்துவத்துக்குப் பகைவர், ஆன்மா உண்டென்பவர். எடின்பரோப் பல்கலைக்கழகம் 2020இல் தன் கட்டடமொன்றுக்கு இருந்த ஹியூமின் பெயரை எடுத்துவிட்டது.

இதனால் அவர்தம் ஆராய்ச்சி பொய்யாகிவிடாது. ஆராய்ச்சி மட்டும் போதாதென்பதே இதனாற் பெறப்படும். அநாத்மத்தை வாயாற் சொல்லுதல் எளிது. கை அதன்படி நடத்தல் வேண்டும். அதற்கே புத்தர் அறிவோடு சீலத்தையும் சமாதியையும் சேர்த்து வைத்தார். சாக்கிய இளவரசர்கள் துறவு பூணச் சென்றபோது, தங்கள் நாவிதனான உபாலிக்கு முதலில் துறவளிக்குமாறு தாங்களே வேண்டினர். முன்னர்த் துறந்தவர் மூத்தவர் ஆவராதலின், இளவரசர் அனைவரும் உபாலியை வணங்க வேண்டியதாயிற்று. சாக்கியர் செருக்கு தணிதற்பொருட்டே அவ்வாறு வேண்டினர். அநாத்மம் நடைமுறையில் இவ்வாறிருக்கும்.

நமக்குரியது

1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கானவரோடு தம்மம் ஏற்றபோது, மனிதர் அனைவரும் சமம் என்பதை உறுதிமொழிகளுள் ஒன்றாக வைத்தார். அவ்வுறுதிமொழியை நாமும் ஏற்றுள்ளோம். ஆயின் நம் இல்லங்களில் திருமணப் பேச்சு எழும்போது என்ன நிகழ்கிறது? மணமகனின் சீலம் யாது, கல்வி யாது என்று கேட்டு முடித்தபின், குரலைத் தாழ்த்தி, “அவர்கள் எந்தப் பிரிவு?” என்று கேட்போர் நம்முள் இலரா? அக்கேள்வியைக் கேட்குங்கால், குணங்களையெல்லாம் எண்ணி முடித்துவிட்டுக் குணியைத் தேடுகின்றோம். பிறர் நம்மீது வைத்த ஆமையை நாம் வேறொருவர்மீது வைக்கின்றோம். தூய்மைத் தொழில் செய்வாரை நம் மன்றத்தில் பின்வரிசையில் அமரவிட்டு, அநாத்மம் பற்றிச் சொற்பொழிவாற்றுவோமாயின், கரோலினாச் சட்டத்துக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

பிறப்பை மாற்றமுடியுமா என்று இனி ஒருவர் கேட்டால் சினவாது வினவுவோமாக: “ஐயா, தாங்கள் சொல்லும் பிறப்பு எந்த நிறமுடையது? எந்தச் சுவை? எந்தப் புலனால் அறிந்தீர்?” அவர் விடை கூற இயலாது நிற்கும்போது, அதே வினாவை நம் உள்ளத்தை நோக்கியும் கேட்போமாக. முன்னது வாதத்தில் வெற்றி தரும். பின்னது தம்மத்தில் நம்மை ஒரு படி உயர்த்தும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. குணம், குணி ஆகியவற்றை உங்கள் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

2. லாக் கூறிய உள்ளியல்பு, பெயரியல்பு என்பவற்றை வாசெட்ட சூத்திரத்தோடு ஒப்பிடுக.

3. பார்க்ளி எதனைத் தள்ளினார்? எதனைத் தள்ளாது வைத்தார்?

4. ஹியூமின் முடிபு அநாத்மக் கோட்பாட்டோடு எங்கே ஒன்றுபடுகிறது? எங்கே வேறுபடுகிறது?

5. உபாலியின் துறவு வரலாற்றை இல்லத்தாருக்குச் சொல்லி, அதன்படி நம் குடும்ப வழக்கங்களுள் திருத்தவேண்டியது யாதெனக் கலந்து ஆராய்க.

அறம் ஓங்குக!